செரானின் தெருமுனை நெருப்பு

மெக்சிகோவில் மிச்சோகான் மாநிலத்தின் மலைக்காடுகளுக்கு நடுவே இருக்கிறது செரான். புரேபெச்சா பழங்குடி மக்களின் ஊர். 2011 ஏப்ரல் 15 விடியற்காலையில் அங்கே நடந்ததை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

ஆயுதம் ஏந்திய மரக்கடத்தல் கும்பல் காட்டை மொட்டையடித்துக்கொண்டே வந்து, ஊருக்குத் தண்ணீர் தரும் ஊற்றை நெருங்கிவிட்டது. அன்று முதலில் இறங்கியவர்கள் பெண்கள்தான். மரம் ஏற்றிவந்த வண்டிகளை மறித்தார்கள். தேவாலய மணி அடித்தது, வாணவெடி வெடித்தது, ஊரே திரண்டுவிட்டது.

அப்புறம் தெருமுனைதோறும் நெருப்பு மூட்டினார்கள். ஃபொகாத்தா என்று பெயர். ராத்திரி முழுக்க அதைச் சுற்றித்தான் காவல். அதே நெருப்பில் சமையல், அதைச் சுற்றியே சாப்பாடு, பேச்சு எல்லாம். சின்னப் பிள்ளைகளிலிருந்து பாட்டிமார் வரை அங்கேதான்.

ஊர் நிர்வாகமும் அந்த நெருப்பிலிருந்தே பிறந்தது. கட்சிகளுக்கு இடமில்லை. ஃபொகாத்தாவில் பெயர்களை முன்மொழிகிறார்கள். பிறகு பேட்டைக் கூட்டத்தில், தனக்கு வேண்டியவரின் பின்னால் போய் வரிசையில் நிற்க வேண்டும். அதுதான் ஓட்டு! ரகசிய வாக்குச்சீட்டையே பார்த்து வளர்ந்த எனக்கு இது முதலில் திகைப்பாக இருந்தது. யோசித்துப் பார்த்தால், ஒளிக்க ஒன்றுமில்லாத இடத்தில் காசு கொடுத்து ஏமாற்றுவதும் கஷ்டம்தானே?

நான்கு பேட்டைகள், பேட்டைக்கு மூன்று பேர், மொத்தம் 12 பேர் கொண்ட பெரியோர் சபை. 2011 நவம்பரில் மெக்சிகோவின் தேர்தல் தீர்ப்பாயமே இந்த உரிமையை ஏற்றுக்கொண்டது.

மொட்டையான சரிவுகளில், ஊர் நாற்றங்காலில் வளர்த்த பைன் கன்றுகளை நட்டு வருகிறார்கள்.