புள்ளித்தாளும் கையெழுத்தும்: ஒரு ரோபோப் போட்டி நடுவரின் நாட்குறிப்பு

2025 ஜூலை 5, சனி

மட்டக்களப்பு மாவட்டப் பாடசாலைகளுக்கான ரோபோப் போட்டியில் நடுவராக நிற்க வரச் சொல்லி அழைப்பு வந்தது. சம்மதித்துவிட்டேன். விதிக்கோவையையும் கூடவே அனுப்பியிருந்தார்கள். களத்தின் நீள அகலம், ரோபோவின் அளவு, கறுப்புக் கோட்டைத் தொடர்ந்து சென்று கட்டைகளை உரிய சதுரங்களில் சேர்க்க வேண்டிய முறை என எல்லாம் விளக்கமாக இருக்கின்றன. நடுவர்களைப் பற்றி மட்டும் ஒரே வரி: "நடுவரின் தீர்ப்பே இறுதியானது."

அந்த வரியை நான் எதிர்க்கவில்லை. வழக்கு எங்காவது ஓரிடத்தில் முடியத்தான் வேண்டும். ஆனால் முடிவதற்கு முன்னால் என்ன நடக்க வேண்டும் என்பதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. டீன் கேமன் 1989 இல் அமெரிக்காவில் தொடங்கிய ஃபெர்ஸ்ட் அமைப்பின் லெகோ லீக் போட்டியில் ஓட்டம் 150 விநாடி. அது முடிந்ததும் நடுவர் பிள்ளைகளோடு களத்தருகே நின்று, ஒவ்வொரு பணியாகப் பார்த்து, அவர்கள் கண்முன்னே புள்ளி இடுகிறார். மயிரிழையில் ஐயம் வந்தால் அதன் பலன் அணிக்கு. அதே அமைப்பு 1992 முதல் பெரிய மாணவர்களுக்கு நடத்தும் போட்டியில் தலைமை நடுவரிடம் கேள்வி கேட்க வருபவர் மாணவராக இருக்க வேண்டும். பெற்றோரோ பயிற்றுநரோ வர முடியாது. காணொளியையோ புகைப்படத்தையோ தலைமை நடுவர் எந்த நிலையிலும் பார்ப்பதில்லை.

இந்தக் கடைசி விதி முதலில் அநியாயமாகத்தான் தோன்றும். ஆதாரம் இருக்கிறபோது பார்த்தால் என்ன? எங்கள் மாவட்டத்தை வைத்து யோசித்தேன். நகரத்து அணியோடு நல்ல கைபேசி வைத்திருக்கும் தந்தைமார் நாலு பேர் வருவார்கள். மண்டூரிலிருந்து குருமண்வெளிக்குப் பாதையில், அதாவது வாவியைக் கடக்கும் மிதவைப் படகில், ஏறி வரும் அணியோடு ஓர் ஆசிரியர் மட்டுமே வருவார். காணொளி பார்க்கத் தொடங்கினால், படம் பிடிக்க ஆள் உள்ள அணிக்கு மட்டும் இரண்டாவது விசாரணை கிடைக்கும்.

ஜூலை 12, சனி

இன்று கல்லடியில் நடுவர்களின் கூட்டம். பல்கலைக்கழக மாணவர்கள் சிலர், கணினித் துறையில் வேலை செய்கிறவர்கள் சிலர், தலைமை நடுவராக ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர். அவரை நாங்கள் எல்லோரும் சேர் என்றே அழைக்கிறோம்.

ஒவ்வொருவரும் எந்தப் பாடசாலையோடு, எந்த ரியூசன் வகுப்போடு, எந்தப் பிள்ளையோடு தொடர்புடையவர் என்பதை வாய்விட்டுச் சொல்லிவிடுவோம் என்றேன். அறை அமைதியாகிவிட்டது. சேரின் முகம் மாறியது.

"முப்பது வருடம் பரீட்சைத்தாள் திருத்தியவன் நான். என்னையும் நம்பவில்லையா மகள்?"

"நம்புகிறேன் சேர். நான் நம்பினால் போதாது. தோற்றுப் போகிற பிள்ளையும் நம்ப வேண்டும்."

கிரிக்கெட்டை எடுத்துச் சொன்னேன். டெஸ்ட் போட்டியில் ஒரு காலத்தில் இரண்டு நடுவர்களும் ஆட்டம் நடக்கும் நாட்டுக்காரர்களாகவே இருந்தார்கள். 1994 இல் ஒருவர் வெளிநாட்டவராக வேண்டும் என்றானது, 2002 இல் இருவருமே. பழைய நடுவர்கள் எல்லோரும் களவு செய்தார்கள் என்று அதற்குப் பொருளில்லை. தோற்ற பக்கம் சந்தேகத்தைச் சுமந்துகொண்டு வீடு போகக் கூடாது, அவ்வளவுதான். வடசேரி, தென்சேரி என்று இரு பக்கமாகப் பிரிந்து நின்று, கொம்புகளை ஒன்றோடொன்று மாட்டி இழுத்துக் கொம்பு முறித்து விளையாடிய ஊர்கள் நம்முடையவை. பக்கம் சேர்வது நமக்கு இரத்தத்தில் ஊறிய இன்பம். பார்வையாளருக்கு அது அழகு, நடுவருக்கு ஆகாது.

சேர் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு தன் மருமகன் ஒரு பாடசாலையின் பயிற்றுநர் என்று அவரே முதலில் சொன்னார். அதன்பின் ஒவ்வொன்றாக வெளியே வந்தன: தங்கை படிக்கும் பாடசாலை, சனிக்கிழமை வகுப்பு எடுக்கும் இடம், பக்கத்து வீட்டுப் பையன். அந்தந்த அணிகளின் மேசைகளிலிருந்து அவரவரை மாற்றிவிட்டோம். இதற்குச் செலவு கால் மணி நேரம்கூட இல்லை.

பிறகு ஒரு பயிற்சி. சதுரக் கோட்டின்மேல் கட்டையை வெவ்வேறு விதமாக வைத்து, மற்றவர் தாளைப் பார்க்காமல் எல்லோரையும் புள்ளி எழுதச் சொன்னோம். ஒரே கட்டைக்கு ஒருவர் 20, ஒருவர் 10, ஒருவர் பூச்சியம்! எல்லோரும் நேர்மையானவர்கள்தான். விதியில் "உள்ளே" என்று மட்டும் இருக்கிறது. கோடு சதுரத்தைச் சேர்ந்ததா இல்லையா என்று எழுதவில்லை. கோடும் சதுரத்தைச் சேர்ந்தது, நேர் மேலிருந்து பார்க்க வேண்டும், கட்டை முழுதாக அமைந்தால் 20, ஒரு பகுதி மட்டும் என்றால் 10 என்று முடிவெடுத்து, எல்லா அணிகளுக்கும் அன்றைக்கே அறிவித்தோம். நடுவர்களுக்கு மட்டும் தெரிந்த விளக்கம் விதியாகாது.

ஜூலை 18, வெள்ளி

மண்டபத்தில் களம் அமைத்தோம். மேசைகளை மட்டம் பார்த்து நிறுத்துவதற்கே காலை முழுவதும் போனது. கச்சான் காற்று வேறு சுழன்றடிக்கிறது. களத்தின் வெள்ளைப் பரப்பில் புழுதி படியப் படியத் துடைக்க வேண்டியிருந்தது.

பெரிய பிரச்சினை மேற்குப் பக்க ஜன்னல்கள். இந்தப் பிள்ளைகளின் ரோபோக்களில் பெரும்பாலும் அகச்சிவப்பு உணரிகள்தான். உணரி தன் ஒளியைத் தரைக்கு அனுப்புகிறது, வெள்ளை திருப்பி அனுப்புகிறது, கறுப்பு விழுங்கிவிடுகிறது. அந்த வேறுபாட்டில்தான் கோடு தெரிகிறது. வெயிலிலும் அகச்சிவப்புக் கதிர் நிறைய இருக்கிறது. மாலை வெயில் களத்தில் நேரே விழுந்தால் உணரிக்குக் கறுப்பும் வெள்ளையும் ஒன்றாகிப் போகும். காலையில் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடிய ரோபோ பிற்பகலில் தடம் மாறித் திரியும், பிள்ளை தன் நிரலில் பிழை தேடிக்கொண்டிருக்கும். ஜன்னல்களைத் தார்ப்பாயால் மூடினோம். அப்படியும் ஒளி கசிகிறது. எனவே முதற் சுற்றில் கடைசியாக ஓடும் அணி இரண்டாம் சுற்றில் முதலாவதாக ஓடும் என்று வரிசையைத் திருப்பிவிட்டோம்.

பயிற்சி மேசையை "முதலில் வருபவருக்கு முதலிடம்" என்று விடப் பார்த்தார்கள். மறுத்தேன். வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையிலிருந்து வருகிறவர்கள் பாதைக்கும் பஸ்ஸுக்கும் காத்திருந்து வந்து சேர்வதற்குள் நகரத்து அணிகள் மேசையைச் சுற்றி நின்றுவிடும். இப்போது மாமாங்கேஸ்வரர் கோயில் திருவிழாக் காலம், வீதி நெரிசலும் சேர்ந்துகொள்ளும். ஒவ்வோர் அணிக்கும் 10 நிமிடம் என்று பெயர் எழுதி ஒதுக்கினோம். பற்றரி சார்ஜ் செய்யும் பிளக்குகளுக்கும் அப்படியே. பற்றரியின் மின்னழுத்தம் குறைந்தால் மோட்டரின் வேகம் குறையும், வேகம் குறைந்தால் திருப்பத்தின் கணக்கு தப்பும். பிளக் கிடைப்பதும் நீதியோடு சேர்ந்த விடயம்தான்.

ஜூலை 19, சனி, இரவு

கால்கள் கெஞ்சுகின்றன. ஆனாலும் இன்றே எழுதிவிட வேண்டும், நாளைக்கு விவரங்கள் மங்கிவிடும்.

காலை ஓட்டங்கள் சிக்கலின்றிப் போயின. பதினொரு மணியளவில் அடுத்த மேசையில் சத்தம். நேரம் முடிந்ததும் தன்னார்வலர் ஒருவர், அடுத்த அணிக்குத் தாமதமாகிறது என்ற அவசரத்தில் கட்டைகளை அள்ளிவிட்டார். அதன்பின் நினைவிலிருந்து புள்ளி எழுதினார்: ஒரு பகுதி மட்டும் உள்ளே, 10.

அணித் தலைவி ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. "அண்ணா, அது முழுதாக உள்ளேதான் இருந்தது," என்றாள்.

"நான் பார்த்தேன் தங்கச்சி. கொஞ்சம் வெளியே நின்றது."

சேர் வந்தார். அந்தப் பிள்ளையைத்தான் முதலில் பேச விட்டார், இடையில் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு தன்னார்வலரிடம் திரும்பி, "கட்டை இப்போது எங்கே இருக்கிறது?" என்றார். அவர் கையில் இருந்தது. "கட்டை உங்கள் கையில் இருக்கிறபோது நீங்கள் சொல்வதையும் சரிபார்க்க முடியாது, இந்தப் பிள்ளை சொல்வதையும் சரிபார்க்க முடியாது. ஐயம் அணிக்கே. இருபது போடுங்கள்."

அவ்வளவுதான். யாரையும் திட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை. அதன்பின் எந்த மேசையிலும் அணித் தலைவர் புள்ளித்தாளில் கையெழுத்து வைக்கும்வரை யாரும் களத்தைத் தொடவில்லை. இந்த மனிதரைப் பற்றி எனக்குப் பெருமையாக இருக்கிறது.

பிற்பகலில் நடந்தது வேறு மாதிரி. தந்தை ஒருவர் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். வந்தாறுமூலையிலிருந்து அதிகாலை பஸ்ஸில் வந்து, மதியச் சாப்பாட்டுக்குக்கூட உட்காராமல் நடுவராக நின்ற ஒரு பல்கலைக்கழக மாணவனின் முகத்துக்கு நேரே கைபேசியை நீட்டி, "கண் தெரியாதவர்களையெல்லாம் யார் கூட்டி வந்தது?" என்று கத்தினார். அந்தத் தம்பிக்கு இருபத்தொரு வயதிருக்கும். வாய் உலர்ந்துபோய் நின்றான்.

நான் இடையில் போய் நின்றேன். "ஐயா, காணொளி பார்ப்பதில்லை என்பது காலையில் எல்லோருக்கும் சொன்ன விதி. உங்கள் அணித் தலைவரை வரச் சொல்லுங்கள், அவரோடு பேசுகிறோம்."

அவருடைய மகன்தான் அணித் தலைவன். தலையைக் குனிந்துகொண்டு வந்தான். "மிஸ், எங்களுக்கு முறைப்பாடு ஒன்றும் இல்லை. ரோபோ நேரம் முடிந்த பிறகுதான் கட்டையைத் தள்ளியது. நாங்கள் பார்த்துத்தான் கையெழுத்து வைத்தோம்." தந்தையின் முகத்தை அவன் பார்க்கவே இல்லை. பெரியவர்களை ஏன் களத்துக்கு வெளியே நிறுத்த வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இந்தப் பையனின் முகத்தைக் காட்டலாம்.

கடைசியில் நேரக் கணக்கு. முதலிடத்துக்கு இரண்டு அணிகள் ஒரே புள்ளி. நேரத்தில் வேறுபாடு 0.08 விநாடி. ஏற்பாட்டாளர்கள் அதை வைத்தே வெற்றியை அறிவிக்கத் தயாரானார்கள். நிறுத்தற்கடிகாரத்தை அழுத்தியது மனிதக் கை. கண்ணால் கண்டு விரல் அழுத்துவதற்கே ஏறத்தாழ 0.2 விநாடி வேண்டும், அதுவும் ஆளுக்கு ஆள் மாறும். கடிகாரத்தின் திரை நூறிலொரு பங்கைக் காட்டுகிறது என்பதற்காக அது நமக்குத் தெரியும் என்றாகிவிடாது. தடகளத்தில் கையால் எடுக்கும் நேரத்தை அடுத்த பத்திலொரு விநாடிக்கு உயர்த்தித்தான் பதிவு செய்கிறார்கள். மூவர் மூன்று விதமாக எடுத்தால் நடு நேரமே கணக்கு. அந்த முறைப்படி பார்த்தால் இரண்டு அணிக்கும் ஒரே நேரம்தான் வருகிறது. மீண்டும் ஓட விடுங்கள் என்று சேரும் நானும் பிடிவாதமாக நின்றோம். மூன்று கடிகாரங்களோடு ஓடினார்கள். இம்முறை வித்தியாசம் 4 விநாடிக்கு மேல். தோற்ற அணியே முதலில் கைதட்டியது.

ஜூலை 20, ஞாயிறு

காலையிலிருந்து தொலைபேசி அழைப்புகள். ஒரு நண்பர் சொன்னார்: "ஒரு சதமும் வாங்காமல் வந்து நின்றவர்கள். அவர்களிடம் போய் இவ்வளவு கறார் வேண்டுமா?"

வேண்டும். தன்னார்வலரை மரியாதையோடு நடத்த வேண்டும், சாப்பாடு கொடுக்க வேண்டும், இடைவேளை விட வேண்டும், கத்துகிறவர்களிடமிருந்து காக்க வேண்டும். நேற்று அந்தத் தம்பிக்கு இவற்றில் எதுவும் உரிய நேரத்தில் கிடைக்கவில்லை, அது ஏற்பாட்டின் குறை. ஆனால் சம்பளம் இல்லை என்பதால் புள்ளி பிழைக்கலாம் என்று ஆகாது. அந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையும்தான் சம்பளம் வாங்காமல் மாதக்கணக்கில் உழைத்திருக்கிறாள்.

இன்னொன்றும் மனதை அறுக்கிறது. ஓர் அணியின் ரோபோ ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தபோது, நடுவர் மேசையிலிருந்த இருவர் சிரித்தார்கள். கெட்ட எண்ணம் இல்லை, வேடிக்கையாக இருந்தது, சிரித்தார்கள். ஓட்டிய பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அதன் பிறகு அந்த அணிக்கு எவ்வளவு சரியாகப் புள்ளி போட்டாலும், சிரித்தவர் போட்ட புள்ளியாகத்தான் அது அவர்களுக்குத் தெரியும். நடுவரின் முகம் எல்லா அணிக்கும் ஒரே முகமாக இருக்க வேண்டும் என்று அடுத்த பயிற்சியில் வெளிப்படையாகச் சொல்லப் போகிறேன்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. மாமாங்கத்தில் தீர்த்தம். கூட்டத்தில் அந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை தாயோடு வந்திருந்தாள். ஏழாவது இடம் கிடைத்ததாம். "மிஸ், எங்கள் புள்ளித்தாளை ஒருமுறை பார்க்க முடியுமா? எந்தப் பணியில் விட்டோம் என்று சரியாக நினைவில்லை," என்றாள். தாள்கள் எல்லாம் ஏற்பாட்டாளர்களிடம். கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

ஜூலை 27, ஞாயிறு

மீளாய்வுக் கூட்டம். தொடர்புகளை முன்கூட்டியே சொல்வது, கையெழுத்துவரை களத்தைத் தொடாமை, மேசைக்கு மூன்று கடிகாரம், பயிற்சி இல்லாதவரை நடுவராக நிறுத்தாமை, எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டார்கள். தன்னார்வலருக்கு இடைவேளை தருவதற்குக் கூடுதல் ஆட்களைச் சேர்க்கவும் சம்மதம்.

புள்ளித்தாளின் பிரதியை அணிகளுக்குக் கொடுப்பதற்கு மட்டும் மறுத்துவிட்டார்கள். "பிரதி போனால் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாகக் கிளறுவார்கள், முறைப்பாடு பெருகும்," என்பது காரணம். கையெழுத்து வைத்தபின் முறைப்பாடு இல்லை என்பதுதான் விதியாயிற்றே என்றேன். பிள்ளை கேட்டது முறைப்பாட்டுக்காக அல்ல, எங்கே விட்டோம் என்று தெரிந்துகொள்வதற்காக. ஓட்டத்தில் கற்றதைவிடப் புள்ளித்தாளில் கற்பது அதிகமாக இருக்கலாம். சேரும் என் பக்கம் பேசினார். முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப் போயிருக்கிறது.

அந்த அணியின் தாளை மட்டும் கேட்டு வாங்கிவிட்டேன். மூன்றாவது கட்டையில் விட்டிருக்கிறார்கள், இரண்டு சுற்றிலும் அதே இடத்தில். நாளைக்குப் பாடசாலைக்குச் சொல்லியனுப்ப வேண்டும். அடுத்த கூட்டத்துக்குக் கரித்தாள் வைத்த இரட்டைப் புள்ளித்தாள் மாதிரியொன்றை அச்சிட்டு, செலவுக் கணக்கோடு கொண்டுபோகிறேன்.