கடுக்காய்க் கறுப்பு

"அத்தை, சீக்கிரம் வாங்க, கோடு தானா கறுக்குது!"

நகரியில் தம்பி வீட்டு மொட்டைமாடி. பிளஸ் டூ படிக்கிற அவன் மகள் பாயில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். முன்னால் கடுக்காயும் எருமைப்பாலும் ஊறிக் காய்ந்த காடாத் துணி. பக்கத்தில் மூன்று வாரமாக மூடி வைத்திருந்த பானை. உள்ளே துருப்பிடித்த ஆணி, வெல்லம், தண்ணீர். திறந்ததும் புளிச்ச வாடை குப்பென்று அடித்தது.

மூங்கில் பேனாவால் ஒரு கோடு இழுத்தாள். முதலில் வெளிறிய டீ நிறம். நான் கண்ணை எடுக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருக்கும்போது சாம்பலாகி, அப்புறம் மைக்கறுப்பானது.

இரும்பும் கடுக்காய்த் துவர்ப்பும் சேர்ந்து செய்கிற வேலை அது. பாலில் இருக்கிற கொழுப்பு மையைப் பரவ விடாது. துணியில் மூங்கில் பேனாவால் ஓவியம் வரைகிற காளஹஸ்தி கலம்காரிக்காரர்கள் தலைமுறைகளாகக் கையில் வைத்திருக்கும் வேதியியல்.

இவள் படிக்கிற சிபிஎஸ்இ ஓவியப் பாடத்தில் 100 மதிப்பெண்ணுக்கு 70 செய்முறைக்குத்தான். ஆனாலும் "வரைஞ்சு என்ன ஆகப்போகுது" என்று கேட்கிறவர்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். எனக்கு அது நிஜமாகவே வலிக்கிறது. பதினேழு வயதில் ஒரு பிள்ளை மூன்று வாரம் ஒரு கறுப்புக்காகக் காத்திருக்கிறாள் என்றால், அது படிப்பு இல்லையா?

காளஹஸ்தித் துணிகளில் ராமாயணம் வரும். இவள் வரைவது பாட்டியையும் தறியையும்.

தறி முடிந்துவிட்டது. பாட்டி முகம் மட்டும் பாக்கி.

"கை நடுங்குது அத்தை. நாளைக்குக் காலைல போடுறேன்."