ஒரு முழம் நாக்கு

அக்கா நைரோபியில் இருக்கிறாள். மச்சானுக்கு அங்கே வேலை. போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினாள். அந்த ஊரில் ஜிராஃப் சென்டர் என்று ஒரு இடம். மாடி உயரத்துக்கு மேடை கட்டி, ஒட்டகச்சிவிங்கியின் மூஞ்சிக்கு நேராக நம்மை நிறுத்திவிடுகிறார்கள். தீவன உருண்டையைக் கையில் வைத்து நீட்ட வேண்டியதுதான். அக்கா மகள் நீட்டுகிறாள். நாவல்பழம் தின்ற பிள்ளையின் நாக்கு மாதிரி கருநீலமாக ஒரு நாக்கு வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது.

எங்கள் வீட்டுச் சின்னவன் அதை நாற்பது தடவை பார்த்திருப்பான். அப்புறம், "அப்பா, நம்மளும் ஊட்டலாம்ப்பா" என்றான்.

மைசூர் உயிரியல் பூங்காவில் இருக்கிறது, கூட்டிப் போகிறேன் என்று வாயைக் கொடுத்தேன். "ஊட்ட விடுவாங்களா?" என்றான். விடமாட்டார்கள். பூங்கா விலங்குகளுக்கு நாம் தீனி போடக் கூடாது என்று வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 38ஜே என்று ஒரு பிரிவே இருக்கிறது. அதை ஏழு வயசுப் பையனிடம் விளக்கியிருக்க வேண்டாம். ராத்திரி சாப்பிடாமல் படுத்துவிட்டான்.

சமாதானப்படுத்தத்தான் நாக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். சுமார் 45 சென்டிமீட்டர் என்றேன். "அப்படின்னா எவ்வளவு?" ஸ்கேலைத் தேடப் பார்த்தேன், அப்புறம்தான் உறைத்தது, முழங்கையிலிருந்து விரல்நுனி வரை, சரியாக ஒரு முழம். மல்லிகைப்பூ அளக்கிற அதே முழம். (எங்கள் தெருமுனைப் பூக்காரம்மா அளந்தால் 38-க்கு மேல் வராது, அது வேறு கதை.)

ஞாயிற்றுக்கிழமை கள்ளிக்குடி பக்கம் மாமனார் ஊருக்குக் கிளம்பினோம். வழியில், அங்கே ஆட்டுக்காவது ஊட்டட்டும் என்று இரண்டு கட்டு அகத்திக்கீரை. வீட்டுக்காரிக்கு இரண்டு முழம் மல்லி, முழம் ஐம்பது ரூபாய்.

காட்டுப் பக்கம் இறங்கியதுமே சின்னவன் கத்தினான்: "அப்பா, வீடியோல வந்த அதே மரம்!" குடைவேல மரம். விரித்த குடை மாதிரி தட்டையாக நிற்கிற அந்த மரத்தை இத்தனை வருஷமாகப் பார்க்கிறேன், ஆப்பிரிக்கா என் கண்ணில் பட்டதே இல்லை. அடியில் ஒரு பெரியவர் தொரட்டியால் கிளையை வளைத்துக் கொடுக்க, வெள்ளாடுகள் பின்னங்காலில் நின்று, கழுத்தை எட்டுகிற வரைக்கும் நீட்டி, முள்ளுக்கு நடுவில் இலையை மட்டும் உருவிக்கொண்டிருந்தன. ஒட்டகச்சிவிங்கிக்கும் வேல மரத்துத் தழை என்றால் உயிர். என்ன, அதற்குத் தொரட்டி தேவையில்லை.

மாமனார் யோசனையில் இறங்கிவிட்டார். "ஏன் மாப்ள, அதுல நாலஞ்சக் கொண்டாந்து நம்ம கண்மாயில விட்டா, சீமைக்கருவேலம் பூரா காலியாயிரும்ல?"

பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அதோட எலைய ஆடே மோந்து பாக்காது. காயைத் தின்னும். தின்டுட்டு, போற எடமெல்லாம் வெதைச்சுட்டு வரும்."

சரி, மேடைக்கு என்ன செய்வது? மாட்டு வண்டி ஒன்று சும்மா கிடந்தது. சின்னவனை அதில் ஏற்றி, கையில் கீரையைக் கொடுத்தேன். வண்டியின் ஓரத்தில் இவள் அவனைப் பார்த்து உட்கார்ந்து, அக்காவுக்கு அனுப்பவென்று மொபைலில் பிடிக்க ஆரம்பித்தாள்.

நைரோபி ஒட்டகச்சிவிங்கிக்கு ஒரு நாசூக்கு உண்டு. ஒன்று வரும், ஒன்று வாங்கும், கண்ணை மூடி மெல்லும். இங்கே இருபத்துச் சொச்சம் ஆடும் ஒரே நேரத்தில் வந்தன. முதல் ஆட்டின் உதடு உள்ளங்கையில் குறுகுறுவென்று ஊர்ந்ததும் சின்னவன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அந்த வாரத்துக் கோபமெல்லாம் அதில் போய்விட்டது. இரண்டு நிமிஷத்தில் கீரை காலி. அடுத்து, கட்டியிருந்த வாழைநார். அதற்கடுத்து அவன் சட்டை நுனி. நான் சட்டையை இந்தப் பக்கம் இழுக்க, ஆடு அந்தப் பக்கம் இழுக்க, பெரியவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "விட்ருங்க தம்பி, கிழிஞ்சுரும்" என்றார். ஆட்டுக்குச் சொன்னாரா எனக்குச் சொன்னாரா தெரியவில்லை.

அந்தக் களேபரத்தில் கிடாயை யாரும் கவனிக்கவில்லை. அது நிதானமாகச் சுற்றி வந்து, வண்டிச் சக்கரத்தில் முன்னங்கால் இரண்டையும் வைத்து நிமிர்ந்து, இவள் தலைக்குப் பின்னால் கழுத்தை நீட்டியது. ஒரே இழுப்பு. 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லி, வைக்கோல் மாதிரி வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. வீடியோவில் அந்த இடத்தில் வெறும் வானமும் ஒரு அலறலும்தான் இருக்கின்றன. அதையும் அக்காவுக்கு அனுப்பிவிட்டான் சின்னவன்.

திரும்பும்போது திருமங்கலத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினேன். பூக்காரம்மா சரத்தைக் கையில் எடுத்து, "எத்தனை முழம்மா?" என்றார்.

இவள் வாயைத் திறப்பதற்குள் சின்னவன் முந்திக்கொண்டான்: "ரெண்டு நாக்கு."

பூக்காரம்மா அளந்த கையை அப்படியே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அளங்கக்கா, நீங்க அளங்க" என்றேன்.