எலும்பை உலுக்கிய வண்டியும் பெரிய காசு சின்னக் காசும்

1860களில் வந்த சைக்கிளை இங்கிலாந்தில் ‘போன்ஷேக்கர்’ என்றார்கள், எலும்புலுக்கி. மரச்சக்கரம், அதன்மேல் இரும்புப் பட்டை, கீழே கல் பாவிய தெரு. வேறென்ன பெயர் வைப்பார்கள்?

அடுத்தது பென்னி-ஃபார்திங். பென்னியும் ஃபார்திங்கும் அந்தக் கால இங்கிலாந்துக் காசுகள்: முன்சக்கரம் பெரிய காசு, பின்சக்கரம் சின்னக் காசு. செயின் கிடையாது, பெடல் முன் அச்சிலேயே இருக்கும். ஒரு மிதிக்கு ஒரே சுற்று: 54 அங்குலச் சக்கரம் என்றால் சுமார் 14 அடி. வேகம் வேண்டுமா, சக்கரத்தைப் பெரிதாக்கு. கால் எட்டும்வரைதான்.

வினையே சீட்டில்தான். உடல் எடை கிட்டத்தட்ட முன் அச்சுக்கு நேர்மேலே விழும். சக்கரம் கல்லில் முட்டினாலோ பிரேக்கை இறுக்கினாலோ பின்சக்கரம் எழும்பி ஆள் தலைகுப்புறப் போவார்; ஹேண்டில்பார் தொடையை மறிப்பதால் காலூன்ற வழியில்லை. இந்த விழுகைக்கே ‘ஹெடர்’ என்று தனிப்பெயர். அதனால் இறக்கத்தில் கால்களை ஹேண்டில்பார்மேல் தூக்கிப் போட்டுக்கொள்வார்கள்.

1885இல் ஸ்டார்லி என்பவரின் ‘ரோவர்’ சைக்கிள், செயினோடு வந்தது. வேகத்துக்குப் பெரிய சக்கரம் தேவையில்லை, சீட்டும் கீழே இறங்கியது. அந்த வகைக்குப் பெயர் ‘சேஃப்டி’!