லங்காவிக்குப் பிறகு

நவம்பர் 6, 2024

மலேசியாவின் லங்காவித் தீவில் அயர்ன்மேன் போட்டியை முடித்துவிட்டு வந்து இரண்டாவது நாள். 3.8 கி.மீ நீச்சல், 180 கி.மீ சைக்கிள், 42.2 கி.மீ ஓட்டம், மூன்றையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டேன். நினைத்தாலே இன்னும் கண் கலங்குகிறது.

காலையில் எடை பார்த்தேன். 60.6. போன வாரம் 58.4. ஒரு நாள் முழுக்க வியர்வையாய் ஊற்றியவளுக்கு எடை எப்படிக் கூடும்? கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினேன். குழி விழுந்தது. ஐந்து எண்ணும்வரை அப்படியே இருந்தது. நீர்தான். நைந்த தசை இழைகளைச் சரிசெய்ய உடம்பு நீரைத் தேக்கிக்கொள்கிறது. காலியான கிளைக்கோஜனும், அதாவது தசையிலும் ஈரலிலும் உடம்பு சேமித்து வைக்கும் சர்க்கரையும், இப்போது நிரம்புகிறது. ஒரு கிராம் கிளைக்கோஜன் சுமார் மூன்று கிராம் நீரோடுதான் சேரும். 400 கிராம் நிரம்பினாலே ஒன்றரை கிலோவுக்கு மேல்.

நவம்பர் 7

இதை எழுதியே ஆக வேண்டும். 2022இல் கோவாவில் பாதித் தூரப் போட்டி முடித்துவிட்டு வந்தபோதும் இதேபோல எடை கூடியது. பயந்துபோய் அடுத்த நாளே சோற்றை நிறுத்தினேன். நான்காம் நாள் ஓடப் போனேன். ஆறு வாரத்தில் நான்கு கிலோ குறைந்தது. எல்லாரும் பாராட்டினார்கள். இரண்டு மாதம் மாதவிடாய் வரவில்லை, அதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. பிப்ரவரியில் பாத எலும்பில் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர், திரும்பத் திரும்பப் பட்ட அழுத்தத்தால் விழும் மெல்லிய விரிசல். உழைப்புக்குத் தகுந்த சாப்பாடு கிடைக்காவிட்டால் உடம்பு முதலில் ஹார்மோனில் கைவைக்கும், அப்புறம் எலும்பில் என்று டாக்டர் சொன்னபோதுதான் புரிந்தது. பெண்கள் இதைப் பேசவே மாட்டேன் என்கிறோம். பேச வேண்டும்.

நவம்பர் 13

59.3. வீக்கம் வடிந்துவிட்டது. நீச்சல் குளத்தில் இருபது நிமிடம், கடிகாரம் பார்க்காமல். காலையில் எழுந்ததும் நாடித்துடிப்பு 60, வழக்கமாக 52. அது இறங்கும்வரை ஓட்டம் கிடையாது.

நவம்பர் 22

இப்போதுதான் உண்மையான சிக்கல். போட்டிக்கு முன் வாரம் பதினான்கு மணி நேரப் பயிற்சி, இப்போது நாலு மணி நேரம். பசி மட்டும் பழைய கணக்கிலேயே இருக்கிறது. பத்தரை மணியானால் கை தானாக முறுக்கு டப்பாவுக்குப் போகிறது. நீரால் கூடிய எடை தானாக இறங்கும், இப்படிக் கூடுவது இறங்காது.

பட்டினி கிடக்கப் போவதில்லை. சைக்கிள் எடுக்காத நாளில் விடிகாலை வாழைப்பழமும் கேழ்வரகுக் கஞ்சியும் வேண்டாம். மதியம் இரண்டாவது முறை சோறு போட்டுக்கொள்வதற்குப் பதில் முட்டையோ கொண்டைக்கடலையோ. அவ்வளவுதான். அம்மா, "ஏண்டி, மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?" என்று பதறினாள். தட்டைக் காட்டினேன். சோறு, சாம்பார், மீன் எல்லாம் இருந்தது. ஒன்றும் பேசாமல் ரசம் ஊற்றினாள்.

நவம்பர் 30

ஃபெஞ்சல் புயல். வெளியே கால் வைக்க முடியவில்லை. வீட்டுக்குள்ளேயே, சைக்கிளை நின்ற இடத்தில் மிதிக்க உதவும் டிரெயினரில் நாற்பது நிமிடம்.

டிசம்பர் 8

சைக்கிளில் ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) முட்டுக்காடு வரை போய்த் திரும்பினோம். பாலத்தின் மேல் எதிர்காற்று. கூட வந்தவர்கள் முன்னே போனார்கள், துரத்தவில்லை. பேசிக்கொண்டே மிதிக்க முடிகிற வேகம் போதும் என்று கோச் சொல்லியிருக்கிறார். திரும்பும் வழியில் நாலு இட்லி, ஒரு வடை, கணக்குப் பார்க்காமல்.

நேற்று முதல் முறை ஓடினேன். மூன்று நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை, அப்படி ஆறு சுற்று. பாதத்தில் பழைய இடத்தை அழுத்திப் பார்த்தேன். வலி இல்லை.

எடை 59.1. போட்டி எடையைவிட முக்கால் கிலோ கூட. இருக்கட்டும். மாதவிடாய் இன்று வந்துவிட்டது, 29ஆம் நாள்.