புகை தள்ளுற பழைய மோவருக்கு ரிங் மாத்துன கதை

ஆஸ்திரேலியாவுல, விக்டோரியால டவுனை விட்டுத் தள்ளி ரெண்டு ஏக்கர்ல வீடு வாங்கிட்டா புல்லு வெட்டுறதே பாதி பொழப்பாயிடும். வசந்தத்துல மழை பெஞ்சு முட்டி உசரத்துக்கு வளரும், அப்புறம் டிசம்பர்ல காஞ்சு சருகாயிடும், அதுக்குள்ள புல்லை 10 சென்டிமீட்டருக்குக் கீழ வெட்டி வைக்கணும்னு எங்க கவுன்சில்ல இருந்து நோட்டீஸ் வந்துரும், காட்டுத்தீ பயம் அப்படி. நோட்டீஸ் வராட்டியும் வெட்டித்தான் ஆகணும், உயரப் புல்லுல பிரவுன் ஸ்நேக்குங்கிற விஷப்பாம்பு படுத்திருந்தா கால் வைக்கிற வரைக்கும் தெரியாது.

வீட்டோட சேர்ந்து வந்த ரைட்-ஆன் மோவர், அதாவது மேல உக்காந்து ஓட்டுற புல்லு வெட்டுற மெஷின், எங்ககிட்ட இருக்கு. 17.5 எச்.பி., ஒத்தை சிலிண்டர், கிராங்க், அதாவது எஞ்சின் சுத்துற தண்டு, செங்குத்தா நிக்கிற டைப். போன சீசன்லயே லேசா நீலப் புகை விட்டுச்சு, இந்த வருஷம் ஸ்டார்ட் பண்ணா வேலிக்கு அந்தப் பக்கம் இருக்குற குதிரையே நகர்ந்து போகுது. ஆயிலும் ஒவ்வொரு தடவை வெட்டும்போதும் குறையுது. கடையில கேட்டா வண்டியைப் பாக்காமலேயே புது எஞ்சின் போடுங்கன்னுட்டாங்க, ஆயிரம் டாலருக்கு மேல. அந்த மோவரை வித்தாக்கூட அவ்ளோ வராது.

நீலப் புகைன்னா ஆயில் எரியுதுன்னு அர்த்தம், அது சரி. ஆனா ஆயில் எந்த வழியா மேல போகுதுங்கிறதுதான் கேள்வி, அதுக்கு பிஸ்டனைச் சுத்தி ஆயில் மேல ஏறாம தடுக்குற ரிங்கோட தேய்மானம் மட்டும்தான் காரணம்னு இல்ல. ஆயிலை ஜாஸ்தியா ஊத்தினாலும் புகையும். கார்புரேட்டர்ல பெட்ரோலை நிறுத்துற நீடில் சரியா மூடலைன்னா நிறுத்தி வச்சிருக்கும்போதே பெட்ரோல் சொட்டுச் சொட்டா எஞ்சினுக்குள்ள எறங்கி ஆயிலைத் தண்ணியாக்கிரும், அப்பவும் புகையும், ஆயில் மட்டம் பாக்குற டிப்ஸ்டிக்கை எடுத்து மோந்து பாத்தாலே தெரிஞ்சிரும். எஞ்சின் உள்காத்தை வெளிய விடுற பிரீதர் வால்வு ஒட்டிக்கிட்டாலும் உள்ள பிரஷர் ஏறி ஆயிலை கார்புரேட்டர் பக்கம் தள்ளும். இந்த மாதிரி மேல்வால்வு ஒத்தை சிலிண்டர் எஞ்சின்கள்ல இன்னொண்ணு இருக்கு, சிலிண்டருக்கும், வால்வைத் தள்ளுற புஷ்ராடு கம்பி போற சந்துக்கும் நடுவுல ஹெட் கேஸ்கட் (சிலிண்டருக்கும் அதோட மூடிக்கும் நடுவுல வைக்கிற தகடு) ரொம்ப ஒல்லியா இருக்கும், அந்த இடத்துல பிச்சுக்கிட்டா அச்சு அசலா ரிங் போன மாதிரியே புகை தள்ளும். கேஸ்கட் விலை என்ன, எஞ்சின் விலை என்ன. அதையெல்லாம் பாக்காம எஞ்சினை மாத்துங்கன்னு சொல்றவங்களை எனக்குப் பிடிக்கிறதில்ல.

சிலிண்டர் அழுத்தத்தை அளக்குற கம்ப்ரஷன் கேஜை நம்பல, ஏன்னா இதுல ஸ்டார்ட் ஆகுறதுக்கு வசதியா வால்வைத் தெறக்குற கேம்லயே கம்ப்ரஷனைக் கொஞ்சம் விட்டுடுற அமைப்பு இருக்கு, நல்ல எஞ்சினே கம்மியாத்தான் காட்டும். பிஸ்டனை கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்ல மேல கொண்டு வந்து, கிராங்கைத் திரும்பாம பிடிச்சுக்கிட்டு, ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியா கம்ப்ரசர் காத்தை விட்டேன். சைலன்சர்ல சத்தம் வந்தா எக்ஸாஸ்ட் வால்வு, கார்புரேட்டர்ல வந்தா இன்டேக் வால்வு. எனக்கு டிப்ஸ்டிக் குழாய்லதான் புஸ்ஸுன்னு வந்துச்சு, அப்ப ஒண்ணு கேஸ்கட், இல்லாட்டி ரிங். ஹெட்டைக் கழட்டினா கேஸ்கட் முழுசா இருக்கு, அப்ப ரிங்தான்.

ஊர்ல மாமா டூவீலர் மெக்கானிக். வீடியோ கால்ல காமிச்சேன்.

"மாப்ள, ஆயில் அடிக்குதுன்னா இறக்கிற வேண்டியதுதான், போர்ல, அதான் சிலிண்டர் உள்சுவர்ல, கோடு விழுந்திருக்கா பாரு."

"நீளவாக்குல இருக்கு மாமா, ஆனா நகத்துல தட்டல."

"அப்ப தேய்ச்சு ரிங் போட்டா ஓடும். ஏர் ஃபில்டரைக் காமி மொதல்ல."

காமிச்சேன், அவரு பேசாம சிரிச்சாரு. முந்தின ஓனர் ஏதோ அளவு சேராத ஃபில்டரைத் திணிச்சு வச்சிருக்காரு, ஓரத்துல விரல் போற அளவு இடைவெளி, அதுக்கப்புறம் இருக்குற குழாயில செம்மண் பவுடர் மாதிரி படிஞ்சு கெடக்கு. காஞ்ச புல்லு வெட்டும்போது கிளம்புற தூசி பூரா நேரா சிலிண்டருக்குள்ளதான் போயிருக்கு. எஞ்சினை இறக்கினப்ப அது இன்னும் தெளிவா தெரிஞ்சுச்சு, சிலிண்டர் மேல்பக்கம்தான் ஜாஸ்தி தேஞ்சிருக்கு, கிராங்க் ஜர்னல், அதாவது கிராங்க் பேரிங்ல சுத்துற இடம், பளபளன்னு நல்லா இருக்கு. ஆயில் வழியா அழுக்கு போயிருந்தா கீழ்ப்பக்கமும் ஜர்னலும் போயிருக்கும். இந்த எஞ்சின் வயசாகி சாகல, ஒரு மலிவு ஃபில்டர் அரைச்சுத் தின்னிருக்கு.

இறக்குறதுல கஷ்டமே அடியில பெல்ட் ஓடுற புல்லி சக்கரம்தான், துருப்பிடிச்சு கிராங்கோட ஒண்ணாயிருந்துச்சு, ராத்திரி பூரா துரு எண்ணெய்ல ஊற விட்டு, இழுத்துக் கழட்டுற புல்லர் கருவி போட்டுத்தான் வந்துச்சு. மத்தபடி நாலு போல்ட், வயரு, பெட்ரோல் டியூபு, கேபிளு, அவ்ளோதான்.

பழைய ரிங்கை சிலிண்டருக்குள்ள நேரா தள்ளி இடைவெளி அளக்குற ஃபீலர் கேஜ் விட்டுப் பாத்தா ரிங்கோட ரெண்டு முனைக்கும் நடுவுல இருக்குற வாய் அகலமா தெறந்து கெடக்கு, அவ்ளோ தேஞ்சிருக்கு. என்னோடதுல சிலிண்டருக்குள்ள இரும்பு ஸ்லீவ் (உறை), அதனால டிரில்ல மூணு கல்லு வச்ச ஹோன்ங்கிற தேய்ப்புக் கருவியை மாட்டி, ஆயில் விட்டுக்கிட்டே மேலயும் கீழயும் ஓட்டி குறுக்குக் கோடு வர வச்சேன், வெறும் அலுமினியம் போர்னா இந்த வேலையை விட்டுடுங்க. ஹோன் பண்ணி முடிச்சதும் பெட்ரோல்ல கழுவாதீங்க, அது கல்லுத்தூளை நகர்த்திதான் விடும், வெளிய எடுக்காது. சுடுதண்ணியும் பாத்திரம் கழுவுற சோப்பும் போட்டுத் தேய்க்கணும், வெள்ளைத் துணில தொடைச்சா சாம்பல் கலர் வராத வரைக்கும் தேய்க்கணும், ஒடனே ஆயில் தடவணும், இல்லாட்டி கண்ணு முன்னாடியே துரு புடிக்கும்.

ரிங் வாய்ங்க ஒண்ணு மேல ஒண்ணு வராம திருப்பி விட்டு, கேம் கியர் புள்ளியை கிராங்க் புள்ளியோட சேர்த்து, ஆயில் தேங்குற அடி மூடியான சம்ப்பை மூடினேன். புது ஹெட் கேஸ்கட், போல்ட்டை குறுக்குமறுக்கா கொஞ்சம் கொஞ்சமா 25 நியூட்டன் மீட்டர் வரைக்கும் முறுக்கினேன். வால்வு இடைவெளியும் அப்பவே செட் பண்ணியாச்சு. ஃப்ளைவீலைச் சுத்தி கூலிங் ஃபின்னுக்குள்ள புல்லு மெத்தை மாதிரி அடைச்சிருந்துச்சு, அதையும் நோண்டி எடுத்தேன்.

ரிங், கேஸ்கட் எல்லாம் சேர்த்து நூறு டாலருக்குக் கொஞ்சம் மேல. முதல் ஸ்டார்ட்ல அசெம்பிளி ஆயில் எரிஞ்சு நல்லா புகைஞ்சுது, அப்புறம் அடங்கிருச்சு. சும்மா ஐடில்ல உறும விடாம பிளேடைப் போட்டு லோடுலயே ஓட்டுனேன், அப்பத்தான் ரிங் போர்ல உக்காரும். சிலிண்டர் கொஞ்சம் தேஞ்சதுதான், அதனால காலைல ஸ்டார்ட் பண்ணா ஒரு சின்ன நீலப் புகை இன்னும் வருது, ஆயில் மட்டம் மட்டும் இப்ப அப்படியே நிக்குது. ஃபில்டர் இந்தத் தடவை எஞ்சின் மாடல் நம்பரைப் பாத்து வாங்கினது, ஓரம் இறுக்கமா உக்காருது.