கோஸ்தா சிகா: மரத்தின் மேல் ஆட்டம், மறக்காத பாட்டு

மெக்சிகோவின் அகாபுல்கோ நகரிலிருந்து தென்கிழக்கே ஓஹாகா மாநிலம்வரை நீளும் பசிபிக் கடற்கரைக்கு கோஸ்தா சிகா என்று பெயர். மெக்சிகோ இசை என்றதும் நம் நினைவுக்கு வரும் மரியாச்சி, மேற்கே ஹாலிஸ்கோ பக்கத்துச் சொத்து. நான் தேடிப் போனது இந்தக் கடற்கரையில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளி மெக்சிகர்களின் பாட்டை.

சான் நிக்கோலாஸ் கிராமத்தில் அர்தேசாவைப் பார்த்தேன். ஒரே மரத்தைக் குடைந்து கவிழ்த்துவைத்த நீண்ட மேடை. ஒரு முனையில் விலங்கின் தலை, மறுமுனையில் வால். கல்யாணங்களில் இதன்மேல் ஏறி வெறுங்காலோடு ஆடுவார்கள். பாடகர் பாடும்போது கால்கள் அடங்குகின்றன. அவர் நிறுத்தியதும் வேகமெடுக்கின்றன. மேடையின் உள்ளே வெற்றிடம் என்பதால் ஒவ்வொரு மிதியும் நெஞ்சுவரை அதிர்கிறது. அழியவிருந்த இந்த ஆட்டத்தை 1980-களில் மீட்டெடுத்தவர்களை வணங்கத் தோன்றியது.

கைக்குட்டையைச் சுழற்றி ஆணும் பெண்ணும் ஆடும் சிலேனா இன்னொரு வகை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில், தங்கம் தேடிக் கலிஃபோர்னியாவுக்குக் கப்பலேறிய சிலி நாட்டவர் வழியில் அகாபுல்கோவில் விட்டுச்சென்றது என்கிறார்கள்.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது கொர்ரிதோ என்னும் கதைப்பாடல்தான். மாலையில் ஒரு முதியவர் கிதாரோடு திண்ணையில் உட்கார்ந்து பாடினார். எடுத்த எடுப்பில் ஆண்டு, ஊர், ஆளின் பெயர். பிறகு யார் யாரைச் சுட்டார்கள், எதற்காக, தாய் என்ன சொல்லி அழுதாள். கடைசியில் பாடகர் கேட்பவர்களிடம் விடைபெறும் அடிகள். எட்டெட்டு அசைகளாக நடக்கும் நான்கடிப் பத்திகள். குரலில் கண்ணீர் இல்லை. சாட்சி சொல்பவரின் நிதானம். 1910-இல் வெடித்த புரட்சியின்போது படைவீரர்களின் கதைகள் இப்படித்தான் ஊர் ஊராகப் பரவின. தலைநகரில் வனேகாஸ் அர்ரோயோ என்ற பதிப்பாளரின் அச்சகம், போசாதா என்ற ஓவியரின் படங்களோடு இவற்றைத் துண்டுத்தாள்களாக அடித்து விற்றது. இங்கே பாடப்படுவதோ பெரும்பாலும் உள்ளூர்ப் பகையும் பழிவாங்கலும்.

ஆப்பிரிக்க வம்சாவளி மக்களை மெக்சிகோவின் அரசியல் சட்டம் பெயர் சொல்லி ஏற்றது 2019-இல்தான். அடுத்த ஆண்டுக் கணக்கெடுப்பில் 25 லட்சத்துக்கும் அதிகமானோர் தங்களை ஆப்பிரிக்க வம்சாவளியினர் என்று பதிவுசெய்தார்கள். அரசு அவர்களைக் கணக்கில் எடுக்காத காலமெல்லாம் இந்தப் பாடகர்கள் ஊர்ச் சாவுகளைப் பெயரோடும் தேதியோடும் பாட்டில் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது.

போகிறவர்கள் அருகிலுள்ள குவாஹினிக்குய்லாபா அருங்காட்சியகத்தையும் பாருங்கள். நவம்பர் தொடக்கத்தில், இறந்தோர் நாளை ஒட்டிப் போனால் தெருவெங்கும் பிசாசு முகமூடி ஆட்டத்தைக் காணலாம்.